பச்சையாக உதிரும் விதை

நேயர்களுக்கு வணக்கம்.

பனி உருகத் தொடங்கும் நாட்களில், மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்கும்போதே, சிறு கத்தரிக்கோலுடன் தோட்டத்தின் நிழல் மூலையில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிடுவேன். சென்ற ஆண்டின் இலைகள் பழுப்பேறித் தரையோடு படிந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தால், நடுவே வெண்பட்டு மயிர் போர்த்திய மொட்டுகள் தலைகுனிந்து நெருங்கி நிற்கும். சில நாள் வெயில் போதும், நீலம் விரிந்துவிடும். ஹெபாட்டிகா என்னும் இந்தச் சின்னஞ்சிறு செடியைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். ஒரு சாண் உயரம் எழுந்தாலே அதிகம். ஆனால் பின்பனிக் காலத்தில் மற்ற செடிகள் விழிக்கும் முன்பே பூத்து நிற்கும் அதன் துணிவு என்னைப் பல ஆண்டுகளாகக் கட்டிப்போட்டிருக்கிறது.

கிரேக்க மொழியில் 'ஹெப்பார்' என்றால் கல்லீரல். இலைக்கு மூன்று மடல்கள். அடிப்பக்கம் பெரும்பாலும் செவ்வூதா. அந்த உருவத்தைப் பார்த்து, கல்லீரல் நோய்க்கு இதுவே மருந்து என்று இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். நம்பிக்கை அளவில்தான் அது நின்றது. பச்சைச் செடியின் சாறு தோலையும் வாயையும் புண்ணாக்கக்கூடியது. ஆகவே யாரும் சுவைத்துப் பார்க்க வேண்டாம். கருஞ்சீரகம் பிறந்த குடும்பத்தில்தான் இதுவும் பிறந்தது.

பூவை உற்றுப் பாருங்கள். இதழ்கள் என்று நாம் நினைப்பவை உண்மையில் நிறமேறிய புல்லி இதழ்கள். பூவுக்கு அடியில் பச்சையாக மூன்று செதில்கள் இருக்கின்றனவே, அவைதாம் புல்லி என்று தோன்றும். ஆனால் அவை பூவடிச் செதில்கள். தேன் ஒரு துளியும் கிடையாது. முன்பனியும் பின்பனியும் கடந்து பசியோடு வரும் வண்டுக்கு இந்தப் பூ கொடுப்பது மகரந்தம் மட்டுமே. மழை வந்தாலும் இருட்டினாலும் மூடிக்கொள்ளும்; அந்த மகரந்தத்தை நனையாமல் காப்பதில் அத்தனை கவனம்.

இந்தச் செடியின் இனங்கள் வடகோளத்தின் குளிர்க்காடுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஐரோப்பாவின் பல பகுதிகளில் பரவியிருப்பது நோபிலிஸ். ருமேனியாவின் கார்பாத்திய மலைகளில் டிரான்சில்வானிகா. வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் கூர்மடல் இலை கொண்ட அக்யூட்டிலோபாவும், உருண்டை மடல் கொண்ட அமெரிக்கானாவும். கொரியாவின் உல்லுங் தீவில் மாக்சிமா. பெயருக்கேற்பப் பெரிய இலை, பூ மட்டும் சிறியது. புதிதாக வளர்க்க விரும்புவோரிடம் டிரான்சில்வானிகாவைத்தான் முதலில் சொல்வேன். நம் பிழைகளை அது அதிகம் பொறுத்துக்கொள்ளும்.

இடம் தேர்வது கடினமல்ல. குளிர்காலம் உண்மையாகவே குளிர்ந்திருக்க வேண்டும். அது இல்லாத ஊரில் இந்த ஆசையை வளர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. இலையுதிர் மரத்தடி சிறந்தது. பூக்கும்போது வெளிச்சம், கோடையில் நிழல் இரண்டும் அங்கே தானாகக் கிடைக்கின்றன. மண்ணில் இலைமட்கு நிறைய இருக்கட்டும், தண்ணீர் தேங்காமல் வடியட்டும். ஐரோப்பிய வகைக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள மண் பிடிக்கும். வேர்கள் நூல் போல மெலிந்து ஆழமாக இறங்குபவை. அதனால்தான் ஜப்பானியர்கள் இதை ஒடுங்கிய ஆழமான சட்டிகளில் வளர்க்கிறார்கள். நட்டபின் ஆண்டுதோறும் இடம் மாற்றிக்கொண்டிருந்தால் செடி சோர்ந்துபோகும். பூ முடிந்து புது இலை விரியும் வேளையில் ஓடற்ற நத்தைகள் வரும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதே நான் கண்ட நல்ல வழி. சட்டியில் வளர்ப்பவர்கள் கூன்வண்டின் புழுவையும் கவனிக்க வேண்டும், அது வேரைத் தின்றுவிட்டுச் செடியை மேலே அப்படியே உட்கார வைத்திருக்கும்.

இனி சேகரிப்புக்கு வருகிறேன். இந்தச் செடி மனிதரை எவ்வளவு ஆட்டிப்படைக்கும் என்பதை ஜப்பானில் பார்க்கலாம். அங்கே இதற்கு 'யுகிவாரிசோ' என்று பெயர். பனியைப் பிளக்கும் புல் என்பது பொருள். ஜப்பான் கடலோரத்தில் கடும்பனி பொழியும் நீகாட்டா பகுதியில், காட்டிலேயே வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் என்று எத்தனையோ நிறங்கள் உண்டு. 2008-ல் அந்த மாகாணம் இதைத் தன் அடையாளச் செடியாகவே அறிவித்தது. பூவின் அமைப்பை வைத்து அங்கே வகை பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். மகரந்தம் தரும் கேசரங்கள் குன்றி, விதை பிடிக்கும் சூலகம் மட்டும் நிற்பது 'ஒட்டோமே', அதாவது கன்னி. கேசரமும் சூலகமும் எல்லாமே இதழாக மாறி அடுக்கடுக்காக நிறைந்தது 'சென்யே', ஆயிரம் அடுக்கு. அந்தப் பூவை முதலில் பார்த்தபோது, விரல் நகத்தளவு பொருளுக்குள் இத்தனை மடிப்புகளா என்று நெடுநேரம் நகராமல் நின்றேன்.

ஆயிரம் அடுக்குப் பூ விதை தராது. தரும் உறுப்புகள்தாம் இதழாகிவிட்டனவே. அதைப் பெருக்க வேரோடு பிரிப்பது ஒன்றே வழி, அதுவும் மிக மெதுவாக நடக்கும். இங்கிலாந்தில் எர்னஸ்ட் பல்லார்டு உருவாக்கிய 'பல்லார்டி' என்ற பெரிய நீலப்பூக் கலப்பினத்துக்கும் இதே கதி. நோபிலிஸும் டிரான்சில்வானிகாவும் சேர்ந்த அந்தச் செடி மலடு. இத்தகைய செடிகள் அரிதாக இருப்பதன் காரணம் இதுதான். அரிதானது என்றவுடன் மனிதனுக்குப் பேராசை வந்துவிடுகிறது. நீகாட்டாவில் விந்தையான பூக்களைத் தேடிக் காடுகளில் தோண்டியவர்களால் இயற்கை வளம் குன்றியது. சுவீடனில் காட்டுச் செடியை வேரோடு பெயர்ப்பது சட்டப்படி தடை. ஜெர்மனியில் 2013-ஆம் ஆண்டின் மலராக இதைத் தேர்ந்தெடுத்ததும் பாதுகாப்பை நினைவூட்டத்தான். காட்டில் தோண்டி எடுத்த செடியைச் சேகரிப்பு என்று யாராவது காட்டினால் எனக்குப் பேச மனம் வராது. நூல் வேர்கள் அறுந்து வந்த செடி பெரும்பாலும் தோட்டத்தில் பிழைப்பதும் இல்லை.

ஆகவே விதையிலிருந்து வளருங்கள். இதைச் சொல்லத்தான் முதன்மையாக வந்தேன்.

தொடக்கத்தில் நானும் தபாலில் காய்ந்த விதை வாங்கி விதைத்தேன். இரண்டு ஆண்டுகள் அந்தச் சட்டிக்கு நீர் ஊற்றினேன். பாசிதான் முளைத்தது. குறை விதை விற்றவரிடம் இல்லை; ஹெபாட்டிகா விதை உலரவே கூடாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. இந்த விதை பழுத்த பின்னும் பச்சையாகவே இருக்கும். பச்சையாகவே உதிரும். காய்த்தலையை விரல் நுனியால் இலேசாகத் தொடுங்கள். உள்ளங்கையில் விழுந்தால் பழுத்துவிட்டது, பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் போய்விடும் என்பதால் மெல்லிய வலைப்பையைக் கட்டி வைப்பேன். உதிர்ந்த அன்றே விதைத்து, மேலே பொடிக்கல்லை மெல்லியதாகத் தூவி, நிழலில் ஈரம் காயாமல் வைத்துவிட வேண்டும்.

அதன்பின் மேலே எதுவும் தெரியாது. இங்கேதான் பலர் சட்டியைக் கொட்டிவிடுகிறார்கள், தயவுசெய்து கொட்டாதீர்கள். விதைக்குள் கரு இன்னும் முழுதாக வளரவில்லை. கோடையின் வெதுவெதுப்பில் அது வளர்ந்து, இலையுதிர் காலத்தில் வேரை மட்டும் கீழே விடும். தண்டு ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகே எழும். அடுத்த வசந்தத்தில் இரண்டு தடித்த வித்திலைகள் வரும். முதல் ஆண்டில் அதற்கு மேல் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது. முதல் பூவுக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகலாம்.

கலப்பினம் செய்து பார்க்க விரும்புவோருக்கு 'ஒட்டோமே' நல்ல தாய்ச்செடி, தன் மகரந்தம் குறுக்கிடாது. முதல் தலைமுறை பெரும்பாலும் சாதாரண ஒற்றையடுக்காக வரும். மனம் தளர வேண்டாம். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து விதை எடுத்தால், அடுக்குப் பூ பேரப்பிள்ளைகளிடம் தலைகாட்டும். எந்தச் செடிக்கும் எந்தச் செடிக்கும் பிறந்தது என்பதைப் பென்சிலால் எழுதி வையுங்கள். மை ஒரு மழைக்காலத்தில் அழிந்துவிடுகிறது, பென்சில் நிற்கிறது.

நான் கட்டத் தவறிய பைகளிலிருந்து உதிரும் விதைகள் எறும்புகளுக்குச் சொந்தம். விதையின் நுனியில் அவற்றுக்குப் பிடித்த கொழுப்பான சதைத்துணுக்கு இருக்கிறது. புற்றுக்கு இழுத்துப் போய் அதைத் தின்றுவிட்டு விதையை எறிந்துவிடும். போன வசந்தத்தில், நான் ஒருநாளும் விதைக்காத கற்படியின் இடுக்கில் ஒரு செடி பூத்திருந்தது. வெளிர் ஊதா, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு. என் சட்டிகளில் அந்த நிறம் எதுவுமே இல்லை. அதற்கு இன்னும் பெயர்ச்சீட்டு எழுதவில்லை. இந்த ஆண்டு அதில் காய் பிடித்திருக்கிறது.

வணக்கம்.