ட்ரிகர் மேல் சந்தேகமா? முதலில் கட்டையைப் பாருங்கள்

[காட்சி: மேசை மேல் பழைய ரைஃபிள். மேகசின் (தோட்டாப் பெட்டி) கழற்றி ஓரமாக இருக்கிறது.]

வணக்கம். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் டெல்டா பக்கம் பழைய ரைஃபிள் வைத்திருப்பவர்கள் சொல்கிற குறை இதுதான்: "கோடையில நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப ட்ரிகர் லொடலொடன்னு ஆடுது." உடனே ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் மரத்தில்தான் இருக்கும்.

நாம் பார்க்கப்போவது லீ என்ஃபீல்டு மார்க் 3. 1907-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. அப்புறம் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பழகிய .303 இதுதான். அதைச் சாதாரண லைசென்ஸில் வைத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸ்தாரர்களுக்காக இதே அமைப்பில் இஷாப்பூரில் செய்தது .315.

கை வைப்பதற்கு முன்னால் மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டை (பின்னாலிருந்து குழலை மூடும் இரும்புத் தண்டை) திறங்கள். தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

[காட்சி: ட்ரிகர் பக்கவாட்டில், மிக அருகில்]

சரி, ட்ரிகரின் மேல்முனையைப் பாருங்கள். சின்னதாக இரண்டு மேடு தெரிகிறதா? முதல் மேடு சியரை, அதாவது சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியை, தொட்டுத் தள்ளும்போது முதல் இழுவை, சுமார் 3-4 பவுண்டு. அடுத்த மேடு தொடும்போது விரலில் ஒரு தடை தெரியும். அதைத் தாண்டுவது இரண்டாம் இழுவை, 5-6 பவுண்டு.

சியர் இரும்பு பாடியில் இருக்கிறது. ட்ரிகரோ கீழே ட்ரிகர் கார்டில் (ட்ரிகரைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தில்) ஆணியடித்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் முன்கட்டை, அதாவது பேரலுக்கு அடியில் இருக்கும் மரம். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பினால் கார்டு கீழே இறங்கும், ட்ரிகரில் வெற்று ஆட்டம் கூடும். சித்திரை வெயிலில் மரம் சுருங்கினால் கார்டு மேலேறும், முதல் இழுவை குறைந்துகொண்டே போகும். இப்படி மரம் சுருங்குவதுதான் ஆபத்து. ட்ரிகர் சியரை எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்தால் பிடிப்பு குறைந்துவிடும். இந்தச் சங்கடத்துக்காகத்தான் பின்னால் வந்த நம்பர் 4 மார்க் 2-இல் ட்ரிகரைப் பாடியிலேயே மாட்டினார்கள்.

கார்டின் முன் திருகைக் கழற்றினால் கட்டைக்குள் ஒரு சின்ன இரும்புக் குழல் இருக்க வேண்டும். பாடிக்கும் கார்டுக்கும் உள்ள இடைவெளியை நிறுத்துவது அதுதான். அது தொலைந்துபோன துப்பாக்கியில் திருகை முறுக்க முறுக்க மரம் நசுங்கும், ட்ரிகரும் கெடும். ஆட்டத்தைப் போக்க இன்னும் கொஞ்சம் முறுக்கலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். குழல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காலியான ரைஃபிளில் போல்ட்டை வேகமாக மூடிப் பாருங்கள். ட்ரிகரில் விரல் படாமலே காக் (போல்ட்டின் பின்முனையில் இழுபட்டு நிற்கும் பகுதி) விழுந்தால் அந்தத் துப்பாக்கியை அப்படியே லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சியர் முகத்தில் அரம், உப்புத்தாள் எதுவும் படக் கூடாது. அந்த முனையில் போன இரும்பு திரும்பி வராது.

[காட்சி: பட்டின் (தோளில் வைக்கும் பின்கட்டை) பின்பக்கம், நீள ஸ்க்ரூடிரைவர்]

பட் ஆடினால் உள்ளே இருக்கும் நீள போல்ட்டை முடுக்கக் கை பரபரக்கும். மார்க் 3-இல் முன்கட்டை மாட்டியிருக்கும்போது அந்த போல்ட்டைத் திருப்பவே கூடாது. அதன் சதுர முனை முன்கட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. திருப்பினால் கட்டை பிளந்துவிடும். எத்தனையோ நல்ல கட்டைகள் இப்படித்தான் பாழாகியிருக்கின்றன, பார்க்கவே வயிறு எரிகிறது. முன்கட்டை முதலில் வெளியே வர வேண்டும், அதற்குப் பிறகுதான் பட்.

இனி எண்ணெய். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அது காயாது, பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றில் இறுகும். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுக் கட்டை மேல் சூடு வரும்வரை தேயுங்கள், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கட்டையின் உள்பக்கத்தை மறக்க வேண்டாம், ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று வேறு. அங்கே கட்டைக்குள் மறைந்திருக்கும் இரும்பிலும் மெல்லிய கிரீஸ் பூசுங்கள்.

தேர்தல் சமயத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்பி வந்த துப்பாக்கியை உறையில் போட்டு மூடிவிடாதீர்கள். நிழலில் ஆறவிட்டு, இழுவை இரண்டும் தெரிகிறதா என்று பாருங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவும் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.