கட்டிலருகே ஒரு நாற்காலி
(செவிலியர், மருத்துவ மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘மருத்துவத்தில் ஆன்மிகமும் கருணையும்’. இதைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேர் கைகூப்பத் தயாராகியிருப்பீர்கள், மீதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். இரு தரப்பையும் கொஞ்சம் ஏமாற்றப்போகிறேன்.

பிரார்த்தனையிலிருந்தே தொடங்குவோம். 2006இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர் அதில் இருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் அவர்களில் ஒரு பகுதியினருக்காகப் பிரார்த்தித்தார்கள். தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாதவர்களிடையே, நடந்ததாலும் நடக்காததாலும் வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை. ஆனால் ‘உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறோம்’ என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. சொல்லாமல் பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கு. இது தற்செயலாகவும் இருக்கலாம். ‘பிரார்த்திக்கும் அளவுக்கா என் நிலைமை மோசம்?’ என்ற பயமாகவும் இருக்கலாம். கடவுள் உண்டா இல்லையா என்பது இந்த ஆய்வின் வேலை அல்ல, என் வேலையும் அல்ல. நோயாளி கேட்காத ஆன்மிகத்தை அவர் தலையில் கட்டக் கூடாது என்பதற்கு மட்டும் இதை நினைவில் வைத்திருக்கிறேன்.

பிறகு வார்டில் ஆன்மிகத்துக்கு என்னதான் இடம்? சிசிலி சாண்டர்ஸ் அதற்கு ஒரு வழி காட்டினார். அவர் முதலில் செவிலியர், பின்பு சமூகப் பணியாளர், அதன் பிறகே மருத்துவர். 1967இல் லண்டனில், வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒரு நோயாளியிடம் கேட்டிருக்கிறார். முதுகில் தொடங்கியது, இப்போது நான் முழுவதுமே பழுதாகிவிட்டதுபோல் இருக்கிறது என்ற பொருளில் பதில் வந்தது. உடலின் வலி, மனத்தின் வலி, குடும்பமும் பணமும் தரும் வலி, ‘நான் வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம்’ என்ற வலி ஆகிய நான்கையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

அதே சாண்டர்ஸ்தான், நோயாளி வலி தாங்காமல் கூப்பிடும்வரை காத்திருக்காமல் மணிக்கணக்கு வைத்து மார்பின் (morphine) என்ற வலி மருந்தைக் கொடுக்கச் சொன்னவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர் அவர். ஆனாலும் அவருடைய ஹாஸ்பிஸில் எந்த நம்பிக்கையும் இல்லாதவர்களுக்கும் இடம் இருந்தது. முதலில் வலியைத் தணியுங்கள். துடித்துக்கொண்டிருப்பவரிடம் வாழ்க்கைத் தத்துவம் பேசுவது கொடுமை.

வலி சற்றே அடங்கிய ஒரு பின்னிரவை நினைத்துக்கொள்ளுங்கள். சலைன் பாட்டில் மாற்றப் போகிறீர்கள். குழாயில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று விரலால் சுண்டிப் பார்க்கும்போது நோயாளி கேட்கிறார்: “யாருக்கு என்ன கெடுதல் செய்தேன், எனக்கு ஏன் இப்படி?” நம் நாக்கு மூன்று பதில்களைத் தயாராக வைத்திருக்கிறது. எல்லாம் சரியாகிவிடும், கடவுள் சோதிக்கிறார், விதி. மூன்றுமே அவர் வாயை அடைக்கும் பதில்கள். “எதை நினைத்துக் கேட்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைப் பற்றி அவர் சொல்லக்கூடும். ஒன்றுமே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். அது அவர் உரிமை.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். நியாயமான கேள்வி. 1984இல் அமெரிக்காவில் 74 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். 2002இல் சுவிட்சர்லாந்தில், குறுக்கிடாமல் கேட்கும்படி மருத்துவர்களிடம் சொல்லிவிட்டு, 335 நோயாளிகள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று அளந்தார்கள். சராசரி 92 வினாடிகள். நாம் அஞ்சும் வெள்ளம் ஒன்றரை நிமிடத்தில் வடிந்துவிடுகிறது! நின்றபடி, கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

இன்னொன்றையும் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவரில் ‘அன்பே எங்கள் சேவை’ என்று பலகை மாட்டிவிட்டு, நிரம்பி வழியும் வார்டை இரவு முழுவதும் ஒரே செவிலியர் தலையில் போடும் நிர்வாகத்துக்குக் கருணையைப் பற்றிப் பேச அருகதை இல்லை. பசியும் தூக்கமின்மையும் எந்த நல்ல மனத்தையும் மரத்துப்போகச் செய்யும். அப்படி மரத்துப்போனவரைக் கல்நெஞ்சக்காரர் என்று ஏசுவது சுலபம். இன்னொரு ஆளை வேலைக்கு வைப்பதற்குத்தான் செலவாகும்.

ஆகவே கருணையைத் தனிமனிதரின் நல்ல குணத்திடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். பணி மாறும்போது சர்க்கரை அளவு, சிறுநீர் அளவு, வலியின் அளவு எல்லாம் எழுதி ஒப்படைக்கிறீர்கள் அல்லவா? நோயாளி சம்மதித்தால் அதே தாளில் இன்னொரு வரியையும் சேருங்கள்: ‘தம்பியைப் பார்க்க விரும்புகிறார்.’ காலையில் அந்தத் தம்பிக்குப் போன் செய்யப்போவது யார் என்பதையும் பக்கத்திலேயே பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.