அம்மா இருக்கும் அநாதைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

அநாதைக் குழந்தைகளுக்கு உதவுவது என்றதும் பலருக்கும் கண்முன் வருவது ஒரு கட்டடம்தான். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், வாசலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல். பணம் கொடுத்தவர் வந்து பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏழை நாடுகளில் இப்படிப்பட்ட இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். திரும்பவும் சொல்கிறேன், உயிரோடு இருக்கிறார். யுனிசெஃப் கணக்கில், பெற்றோரில் ஒருவர் இறந்தாலே அந்தப் பிள்ளை அநாதைதான். இப்படி எண்ணிக்கை பெரிதாகத் தெரிவதைப் பார்த்துவிட்டுத்தான் கட்டடம் கட்டக் கிளம்புகிறோம்.

ருமேனியாவில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டு, புகாரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர், அதாவது 68 பேர், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான பராமரிப்பு. வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே அப்போது அங்கே அரிது என்பதால், குடும்பங்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்ததும் ஆய்வாளர்களேதான். முடிவு என்ன? வீட்டுக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரிடம் ஒட்டி வளர்வதிலும் முந்தினார்கள். அதிலும் 2 வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். இல்லத்தில் சோறும் துணியும் இருந்தது. அழுதால் ஓடிவர ஒரே ஆள் இல்லை. பணியாளர் முறைவைத்து மாறுவார். ஒருவர் பல தொட்டில்களைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நாளில் குழந்தை அழுவதையே விட்டுவிடும். பார்க்க வருகிறவர், "சமர்த்துப் பிள்ளை" என்று மெச்சிவிட்டுப் போவார்!

சரி, பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்க்க, குடும்பத்துக்கு எப்படி உதவுவது? முதலில் காகிதம். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். இவை இல்லாவிட்டால் பள்ளிச் சேர்க்கை, உதவித்தொகை, நிலத்தில் பங்கு எல்லாமே சிக்கல். அலைச்சலும் கட்டணமும் தாங்காமல்தான் பல தாய்மார் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். கூடப் போய் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது மாதப் பணம். தொகையைவிடத் தேதி முக்கியம். 5-ஆம் தேதி வர வேண்டிய பணம் 20-ஆம் தேதி வந்தால், இடையில் அந்த அம்மா கடன் வாங்கியிருப்பார். நீங்கள் தரும் பணத்தில் ஒரு பங்கு வட்டிக்குப் போய்விடும். சிறிய தொகையானாலும் நாள் தவறாமல் கொடுங்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் காலணியும் பையும் வாங்கித் தராதீர்கள். மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்? வீட்டுக்குள் சண்டை மூட்டிவிட்ட கணக்காகிவிடும்.

தையல் இயந்திரம் கொடுப்பது எல்லோருக்கும் பிடித்த தர்மம். ஒரே ஊரில் பத்துப் பேருக்குக் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது? ஊசி ஒடிந்தால், வார் அறுந்தால் எங்கே வாங்குவது? இதைக் கேட்காமல் கொடுத்த இயந்திரங்கள் வீட்டு மூலையில் துணி போட்டு மூடிக் கிடக்கும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. இல்லத்திலிருந்து பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். இரண்டே வரி: ஒரே நாளில் மூட்டை கட்டி அனுப்பாதீர்கள், முதலில் உறவினர் வந்து பார்க்கட்டும், பிறகு விடுமுறைக்குப் போய்வரட்டும், பிறகு நிரந்தரமாகப் போகட்டும். போன பிறகும் மாதம் ஒருமுறை யாராவது அந்த வீட்டுக்குப் போய், பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, எங்கே படுத்துத் தூங்குகிறது என்று பார்த்துவர வேண்டும். வணக்கம்.