விரிசலின் திசையைச் சொல்வது கருவியே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வரலாற்றுக் கட்டடங்களைக் காப்பதில் பெரிதும் கைகொடுப்பது கைதேர்ந்த கொத்தரின் கண்ணா, கண்காணிப்புக் கருவியா? கருவியே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "சுவரில் விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாதா?" தெரியும் ஐயா. விரிசல் இருப்பது தெரியும். அது வளர்கிறதா, நூறு வருடத்துக்கு முன்பே நின்றுவிட்டதா? அதை எந்தக் கண் சொல்லும்?

10 மீட்டர் நீளச் செங்கல் சுவர், 20 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அந்த அசைவெல்லாம் விரிசலில்தான் போய்ச் சேரும். பெரும்பாலும் குளிரில் வாய் திறக்கும், வெயிலில் மூடும். குளிர்காலத்தில் பார்த்தவர் பதறிப்போய்ச் சிமெண்டை வைத்து அடைக்கிறார். வெயில் வந்ததும் சுவருக்கு விரிய இடமில்லை. அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல் கிளம்புகிறது. நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான், ஆனால் கட்டடத்தைக் கெடுத்துவிட்டது!

விரிசலின் அகலம் மாறுவதை அளக்கும் விரிசல்மானி 0.01 மில்லிமீட்டர் அசைவையும் பதியும். ஆனால் அதை மட்டும் மாட்டினால் போதாது. பக்கத்திலேயே வெப்பமானி வேண்டும். விரிசலே இல்லாத நல்ல சுவரில் இன்னொரு மானி வேண்டும். கருவியே வெயிலில் எவ்வளவு நீள்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். குறைந்தது ஓராண்டு, எல்லாப் பருவத்தையும் பார்க்கும்படி ஓடவிட வேண்டும். வெப்பத்தால் வந்த அசைவைக் கழித்த பிறகும் மிச்சம் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் அடித்தளத்தைச் சோதியுங்கள். மிச்சம் ஒன்றுமில்லையா? சுவரைத் தொடாதீர்கள். தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தடுப்பதுதான் கருவி செய்யும் மிகப் பெரிய உதவி என்பேன். இத்தாலியின் பிளாரன்ஸ் பேராலயத்தின் விரிசல் விட்ட குவிமாடத்தில் 1980களின் இறுதியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகள் இந்தக் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன.

"கருவி மாட்டத் துளை போட்டுக் கல்லைக் கெடுக்கிறீர்களே" என்றும் சொன்னார்கள். துளை கல்லில் அல்ல, காரை இணைப்பில் போட வேண்டும். துருப்பிடிக்காத எஃகு ஊசி, சுண்ணாம்புக் காரை. எடுத்தபின் காரையாலேயே மூடிவிடலாம். எபாக்சி பசை போட்டு ஒட்டுவதுதான் தவறு. கழற்றும்போது கல்லின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு வரும்.

அதிர்வுக்கு வருவோம். பக்கத்தில் சுரங்கம் தோண்டுகிறார்கள் என்றால், மெல்லிய அதிர்வுக்கே உடம்பு சிலிர்க்கும், நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் வேகத்தில் அதிர்ந்தாலே போதும். பழைய கட்டடங்களுக்கு ஜெர்மானியத் தரநிலை டிஐஎன் 4150 வைக்கும் வரம்போ, அடித்தளத்தில் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்குப் பத்து முறைக்கும் குறைவாக அதிரும்போது, நொடிக்கு 3 மில்லிமீட்டர் வேகம். ஆபத்தில்லாததற்கு அஞ்சும் உடம்பு, மெல்ல மெல்லச் சாயும் சுவரை உணராது. இதை நம்பியா தீர்ப்புச் சொல்வது?

சுவருக்குள் ஊறிய உப்பும் அப்படியே. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் கரையும், கீழே இறங்கினால் படிகமாகும். அந்தக் கோட்டைத் தாண்டித் தாண்டி வரும்போதெல்லாம் கல்லின் துளைகளுக்குள் அழுத்தம் ஏறும். சுவர் மாவாக உதிர்வது கண்ணுக்குத் தெரியும்போது சிற்பத்தின் மூக்கு போயிருக்கும். ஈரமானி அதற்கு முன்பே சொல்லும்.

எதிரணியின் வலுவான வாதம் பாரிஸ் நோத்ர தாம் பேராலயம். 2019 ஏப்ரல் 15 அன்று தீ எச்சரிக்கைக் கருவி இருந்தும் எரிந்ததே என்றார்கள். கருவி ஒலித்தது, நடுவர் அவர்களே! பார்க்கப் போனவர் தவறான பரணுக்குப் போனார். அரை மணி நேரம் போல வீணானது. எந்த எண் ஒலித்தால் எந்தப் படிக்கட்டில் ஏற வேண்டும், யார் யாரை அழைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் விழுந்த ஓட்டை அது. எச்சரிக்கை அளவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு செயலும் எழுதிவைக்காமல் கருவி மாட்டக் கூடாது என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம்.

இப்போது இத்தாலியின் பைசா நகரச் சாய்ந்த கோபுரம். 1995 செப்டம்பரில் கோபுரத்தை நிலத்தோடு இழுத்துப் பிடிக்கும் நங்கூரக் கம்பிகள் பதிப்பதற்காக அதன் தென்புற மண்ணைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்தார்கள். வழக்கமாக ஓராண்டில் சாயும் அளவு ஒரே இரவில் சாய்ந்தது. அதுவும் மில்லிமீட்டர் கணக்கில்தான்! மானிகள் சொன்னதால் வேலை நின்றது. ஏற்கெனவே வடபுறம் வைத்திருந்த 600 டன் ஈயத்தோடு மேலும் 300 டன் அளவுக்கு ஏற்றிப் பிடித்து நிறுத்தினார்கள். பிறகு வடபுற மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அளவைப் பார்த்துப் பார்த்து அடுத்த துளையைத் தீர்மானித்து, உச்சியை 40 சென்டிமீட்டருக்கும் மேல் பின்னுக்குக் கொண்டுவந்தார்கள். 2001இல் கோபுரம் மறுபடி திறந்தது.

அந்த 1995 இரவில் அங்கே கொத்தரை மட்டும் காவல் வைத்திருந்தால் அவர் எதைப் பார்த்து வேலையை நிறுத்தச் சொல்லியிருப்பார்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு விடை சொல்லட்டும். நன்றி, வணக்கம்.