வண்டி குறுக்க போகுது, ஆனா சுத்தல: டிரிஃப்டிங் எப்படி வேலை செய்யுது?

(திரையில்: தண்ணி விட்டு நனைச்ச சிமெண்ட் தரை, நடுவுல ஒரே ஒரு ஆரஞ்சு கோன், அத சுத்தி வர்ற பழைய கார்)

இந்த கார கொஞ்சம் நிதானமா பாருங்க. மூக்கு கோன் பக்கம் திரும்பி இருக்கு, ஆனா வண்டி மூக்கு காட்டுற பக்கம் போகல, குறுக்க போகுது. இப்படி வேணும்னே வழுக்க விட்டு ஓட்டுறது தான் டிரிஃப்டிங். இன்னொன்னு கவனிங்க, வண்டி இடது பக்கமா வட்டம் அடிக்குது, முன் டயர் ரெண்டும் வலது பக்கம் திரும்பி நிக்குது. வெளிய நின்னு பாக்கறவங்களுக்கு வண்டி கைய மீறி போயிடுச்சுன்னு தான் தோணும். உள்ள இருக்கவரு பாட்டுக்கு அமைதியா உக்காந்திருக்காரு, இது அவரோட 5-வது ரவுண்டு.

அதே மாதிரி ஒரு கோனை நான் முதல் நாள் சுத்தப் போனப்ப அரை ரவுண்டு கூட வரல. ஆக்சிலரேட்டர மிதிச்சேன், பின்னாடி வழுக்குச்சு, பயந்து போய் காலை எடுத்தேன், வண்டி பம்பரம் மாதிரி சுத்தி வந்த வழியையே பாத்து நின்னுச்சு. ஒரு 12 தடவையாவது இதே கதை தான். அவரு வண்டி ஏன் சுத்தல, என் வண்டி ஏன் சுத்துச்சு, அவ்வளவு தான் இந்த வீடியோ.

டயர்ல இருந்து ஆரம்பிப்போம். ஒரு டயர் தரைய தொடுற இடம் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவு தான், அப்படி நாலு உள்ளங்கை மேல தான் மொத்த வண்டியும் நிக்குது. அந்த டயரோட பிடிப்ப ஒரு மாச சம்பளம்னு வெச்சுக்கோங்க. வண்டிய முன்னாடி தள்ள ஒரு செலவு, வளைவுல வண்டி வெளிய ஓடிடாம இழுத்து பிடிக்க ஒரு செலவு, ரெண்டும் ஒரே சம்பளத்துல இருந்து தான் போகணும். ஆக்சிலரேட்டர அமுக்கி மொத்தத்தையும் தள்ளுறதுக்கே அழிச்சுட்டா, இழுத்து பிடிக்க கையில காசு இல்ல, டயர் பக்கவாட்டுல வழுக்க ஆரம்பிச்சுடும்.

டிரிஃப்டிங்குக்கு ஏன் பின்வீல் டிரைவ் வண்டி, அதாவது இஞ்சின் பின் டயர சுத்துற வண்டி, எடுக்குறாங்கன்னு இப்ப புரியும். அதுல தள்ளுற வேலை பின் டயருக்கு, திருப்புற வேலை முன் டயருக்கு. அதனால பின் டயரோட சம்பளத்த நீங்க வேணும்னே காலி பண்ணலாம், முன் டயர் பாட்டுக்கு திசைய பாத்துக்கும். முன்வீல் டிரைவ்ல ரெண்டு வேலையும் முன் டயர் தலையில, அங்க அதிகமா மிதிச்சா மூக்கு தான் வழுக்கி நேரா போகும். ஹேண்ட்பிரேக் இழுத்து பின்னாடிய ஒரு தடவை வீசலாம், இல்லன்னு சொல்லல, ஆனா அந்த வழுக்கல தொடர்ந்து ஓட்ட முடியாது, பின் டயர சுத்தி விட அங்க ஆளே இல்லையே.

சரி, வழுக்க வெச்சாச்சு. அதுக்கப்புறம் உங்க வலது கால் தான் ரெண்டாவது ஸ்டீயரிங். கொஞ்சம் கூட்டுனா பின்பக்கம் இன்னும் வெளிய போகும், கோணம் பெருசாகும். கொஞ்சம் குறைச்சா டயருக்கு பிடிப்பு திரும்பி, வண்டி நேராக ஆரம்பிக்கும். இதுல "கொஞ்சம்"ங்கற வார்த்தை தான் முக்கியம். நான் பண்ண மாதிரி பட்டுன்னு காலை எடுத்தா ரெண்டுல ஒண்ணு நடக்கும். எடை முன்னாடி சாஞ்சு, லேசான பின்பக்கம் சுத்திகிட்டு போகும். இல்லன்னா பின் டயர் திடீர்னு தரைய கவ்வி, முன் டயர் எந்தப் பக்கம் திரும்பி இருக்கோ அந்தப் பக்கம் வண்டிய தூக்கி எறியும். ரெண்டாவது தான் மோசம், ஏன்னா நீங்க நினைச்ச பக்கத்துக்கு நேர் எதிர் பக்கம் போவீங்க.

(திரையில்: ஸ்டீயரிங்கும் ரெண்டு கையும் மட்டும், மெதுவா)

இந்த இடத்த நான் ஒரு மாசத்துக்கு மேல தப்பா பண்ணிட்டு இருந்தேன். வண்டி வழுக்க ஆரம்பிச்சதும் எதிர் பக்கம் ஸ்டீயரிங்க திருப்பணும்னு தெரியும், அதனால ரெண்டு கையாலயும் இறுக்கி பிடிச்சு வேகமா திருப்ப பாத்தேன், எவ்வளவு வேகமா பண்ணாலும் பத்தல, சுத்திகிட்டே இருந்தேன். சொல்லிக் குடுத்தவரு பக்கத்து சீட்ல உக்காந்து ரெண்டு தடவை பாத்தாரு. "தம்பி, நீ ஏன் திருப்புற? விட்டுடு, அதுவே திரும்பும்"னாரு. நம்பவே முடியல. ஆனா உண்மை. முன் சக்கரம் நிக்குற அமைப்புல பின்னாடி சாஞ்ச ஒரு கோணம் இருக்கு, கேஸ்டர்னு சொல்லுவாங்க, சூப்பர் மார்க்கெட் டிராலில முன் சக்கரம் தானா நீங்க தள்ளுற பக்கம் திரும்பிக்கும் பாத்திருக்கீங்களா, அதே கணக்கு. வண்டி எந்தப் பக்கம் நகருதோ அந்தப் பக்கம் முன் டயர் தானா திரும்பிக்கும். நீங்க விரல லூசா விட்டா ஸ்டீயரிங் விர்ருன்னு உள்ளங்கைய உரசிகிட்டு ஓடும், கையில சூடு தெரியும். சரியான இடத்துல அத பிடிச்சு நிறுத்துறது தான் உங்க வேலை. எங்க நிறுத்தணும்னு யாரும் நம்பர் சொல்ல முடியாது, இடுப்புல தெரியும், சீட் உங்கள பக்கவாட்டுல தள்ளுறது குறையற அந்த நேரம்.

அப்புறம் கண்ணு. கோனை பாத்தா கோனை தான் இடிப்பீங்க. மூக்கு எங்க வேணா இருக்கட்டும், போக வேண்டிய இடத்த பாருங்க, கோணம் பெருசா இருந்தா அது பக்கத்து ஜன்னல் வழியா தான் தெரியும்.

வழுக்கல ஆரம்பிக்க நிறைய வழி இருக்கு. பவர் இருக்க வண்டின்னா மிதிச்சாலே போதும். பவர் கம்மின்னா கிளட்ச் கிக், அதாவது ஆக்சிலரேட்டர மிதிச்சபடியே கிளட்ச்ச ஒரு கணம் தட்டி விடுறது, இஞ்சின் சர்ருன்னு ஏறும், கிளட்ச் திரும்ப பிடிக்கும்போது அந்த அதிர்ச்சி மொத்தமும் பின் டயருக்கு போய் பிடிப்ப உடைக்கும். கிளட்ச் பிளேட்டும் கியர்பாக்ஸும் இதுக்கு உங்கள மன்னிக்காது. ஹேண்ட்பிரேக் இழுக்குறதா இருந்தா கிளட்ச்ச மிதிச்சுட்டு இழுக்கணும், பட்டன அமுக்கியே வெச்சுக்கணும், இல்லன்னா மாட்டிக்கும். எனக்கு பிடிச்சது ஃபெயின்ட். வளைவு இடது பக்கம்னா முதல்ல வலது பக்கம் ஒரு வெட்டு வெட்டி, உடனே இடது பக்கம் திருப்புறது. வண்டியோட எடை ஒரு பக்கம் சாஞ்சு மறுபக்கம் ஊஞ்சல் மாதிரி வரும்போது அதுவே பின்பக்கத்த தூக்கி வீசும். குதிரைசக்தி இல்லாத வண்டிக்கு இதெல்லாம் ஓசி பவர்.

குதிரைசக்தின்னு சொன்னதும் ஞாபகம் வருது. இந்த விளையாட்டே பெரிய இஞ்சின வெச்சு பிறக்கல. 1970-கள்ல ஜப்பான்ல குனிமிட்சு தகஹாஷின்னு ஒரு ரேஸர், அதுக்கு முன்னாடி பைக் ரேஸ் ஓட்டுனவரு, 1961-லயே உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் ப்ரீல ஜெயிச்ச முதல் ஜப்பான்காரர். அவரு கார் ரேஸ்ல வளைவுக்குள்ள வேகத்த குறைக்காம வந்து, வண்டிய குறுக்க சறுக்க விட்டு வெளிய வருவாரு. அத பாத்து மயங்குன இன்னொரு ஜப்பான் ரேஸர் கெயிச்சி சுச்சியா மலைப்பாதைல பழகி இத ஊரறிய வெச்சாரு. அவரோட பேரு சேந்தே வர்ற வண்டி டொயோட்டா ஏ.ஈ.86, 1983-ல வந்தது, 1.6 லிட்டர் இஞ்சின், ஒரு டன்னுக்கும் கம்மியான எடை. இன்னைக்கு பல ஃபேமிலி கார்லயே அதவிட பவர் இருக்கும்.

அதனால முதல் வண்டிக்கு பவர தேடாதீங்க, வீல்பேஸ பாருங்க, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்க நீளம். மஸ்டா எம்.எக்ஸ்-5 முதல் மாடல்ல அது 2,265 மில்லிமீட்டர், நிசான் சில்வியா எஸ்13-ல 2,475, பி.எம்.டபிள்யூ ஈ36-ல 2,700. சின்னது வெடுக்குனு சுத்தும், நீளமானது யோசிக்க நேரம் குடுக்கும். எம்.எக்ஸ்-5 எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா பழகறதுக்கு ஈ36 தான்னு சொல்லுவேன், இதுல என் கூட சண்டைக்கு வர்றவங்க கமென்ட்ல வாங்க.

வண்டில கட்டாயம் மாத்த வேண்டியது டிஃபரென்ஷியல், சுருக்கமா டிஃப், அதாவது இஞ்சின் பவர ரெண்டு பின் டயருக்கும் பிரிச்சு குடுக்குற கியர் அமைப்பு. சாதாரண ஓப்பன் டிஃப்ல வளைவுக்கு உள்பக்க டயர் லேசானதும் அது மட்டும் சும்மா சுத்தும், வெளிப்பக்க டயருக்கு ஒண்ணும் போகாது, வழுக்கல் பாதில செத்துடும். ரெண்டு டயரும் சேந்து சுத்தணும், அதுக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃப். காசு இல்லாதவங்க உள்ள இருக்க கியர வெல்டிங் பண்ணியே பூட்டிடுவாங்க. டிராக்ல அருமையா வேலை செய்யும், பார்க்கிங்ல திருப்பும்போது டயர் கீச்சு கீச்சுன்னு கத்தி மானத்த வாங்கும்.

நல்ல டயர முன்னாடி போடுங்க, பின்னாடிக்கு தேஞ்சது போதும், எப்படியும் அது சாகத்தான் போகுது, காஞ்ச தரைல ஒரே நாள்ல ரெண்டு மூணு ஜோடி காலி ஆகும். புதுசா பழகறவங்கள ஈர தரைல விடுறதுக்கு இதுவும் ஒரு காரணம், கம்மி வேகத்துலயே வழுக்கும், டயரும் பிழைக்கும். 2017-ல ஒரு பி.எம்.டபிள்யூ எம்5, 8 மணி நேரம் நிக்காம டிரிஃப்ட் பண்ணி சுமார் 374 கிலோமீட்டர் ஓடி சாதனை பண்ணுச்சு, அதுவும் நனைச்ச தரைல தான். ஓடிகிட்டு இருக்கும்போதே இன்னொரு எம்5 அதே கோணத்துல பக்கத்துல ஒட்டி வந்து, ஜன்னல்ல ஒருத்தர் தொங்கி பெட்ரோல் ஊத்துனாங்க.

சுத்திடுச்சுன்னா என்ன பண்றது? ரெண்டு காலும் உள்ள, கிளட்ச்சும் பிரேக்கும் சேத்து முழுசா. அப்ப வண்டி போற போக்குல நேர் கோட்டுல வழுக்கி நிக்கும், பின்னாடி வர்றவருக்கு நீங்க எங்க நிப்பீங்கன்னு தெரியும். பிரேக்க பாதில விட்டா எந்தப் பக்கம் பாயும்னு யாருக்கும் தெரியாது. இதெல்லாம் டிராக்ல, ஹெல்மெட் போட்டுட்டு. ரோட்டுல பண்றவங்கள எனக்கு பிடிக்காது, எதிர்ல வர்றவரு இந்த விளையாட்டுக்கு சம்மதம் குடுக்கல.

இடையிடையில பானட்ட திறந்து பாருங்க. வண்டி குறுக்க போகும்போது ரேடியேட்டருக்கு நேரா காத்து வராது, இஞ்சின் மட்டும் உச்சத்துல கத்திகிட்டு இருக்கும், சூடு சீக்கிரம் ஏறும். வீல் நட்டையும் ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் தொட்டு பாருங்க. எனக்கு ஒரு தடவை மூணு நட்டு லூசா இருந்துச்சு, நான் சத்தம் டயர்ல இருந்து வருதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

கோனை முழுசா சுத்துன அன்னைக்கு நான் எத்தன ரவுண்டு போனேன்னு எண்ணவே இல்ல, சொல்லிக் குடுத்தவரு வெளிய நின்னு கைய ஆட்டி ஆட்டி நிறுத்த சொல்லிட்டு இருந்திருக்காரு, நான் பாக்கல. நிறுத்துனதும் ஓடி வந்து பின் டயர காட்டுனாரு, ரப்பர் போய் உள்ள இருக்க கம்பி வெள்ளையா தெரிஞ்சுது. அடுத்த வீடியோல ரெண்டு கோன், எட்டு போடுறது.