விடையைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுங்கள்

(புதுச்சேரியில் ஓர் அறிவியல் திருவிழாவின் தொடக்கத்தில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் எல்லாரும் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். உங்களிடம் தனியாகப் பேசக் கிடைத்த இந்த நேரத்தில் ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடாதீர்கள். உள்ளே வாருங்கள். ஒவ்வொரு மேசையிலும் நீங்களும் கை வையுங்கள். யாராவது கேள்வி கேட்டால், "சொல்லு, படித்தாய் அல்லவா?" என்று பிள்ளையின் முதுகில் தட்டாதீர்கள். விடை உங்களுக்கே தெரிந்திருந்தாலும் சற்றுப் பொறுங்கள்.

1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சர் சி. வி. ராமன் தம் கண்டுபிடிப்பை உறுதிசெய்தார். அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். அதையொட்டிப் பள்ளிகளில் கண்காட்சி நடக்கும். தெர்மாகோல் எரிமலை, ஆப்பச் சோடா, வினிகர், பக்கத்தில் சீருடையோடு ஒரு பிள்ளை. மனப்பாடம் செய்த நான்கு வரியை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கும். பிள்ளைமேல் பிழையே இல்லை. ஒப்பித்தால்தான் கை தட்டுவோம் என்று பெரியவர்களாகிய நாம் பழக்கிவைத்திருக்கிறோம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஆகவே இங்கே ஒப்பிக்கும் மேசை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாள் இருக்கும். என்ன நடக்கும் என்ற ஊகத்தை முதலில் எழுத வேண்டும், அதன் பிறகுதான் செய்து பார்க்க வேண்டும். பெற்றோருக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள்.

நுழைந்ததும் முதலில் மணல் தட்டுகள். நீளமான தகரத் தட்டில் ஒரு பக்கம் கடற்கரை மணல் சரிவாகக் கொட்டியிருக்கிறது, மறுபக்கம் நான்கு விரற்கடைத் தண்ணீர். சிறு பலகை ஒன்றைத் தண்ணீரில் சாய்வாகப் பிடித்து நிதானமாக அசைத்தால், சிற்றலைகள் கரையில் கோணலாகப் போய் மோதும். மணலின்மேல் ஓரிடத்தில் கொஞ்சம் செம்மண் தூவியிருக்கிறோம். குனிந்து அதையே பாருங்கள். அலை ஏறும்போது செம்மண் கோணலாக ஏறும், இறங்கும்போது நேராக இறங்கும். இப்படி ஏறி இறங்கியே கரையோரமாக ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருக்கும். இப்போது அரைச் செங்கல் ஒன்றைக் கரைக்குக் குறுக்கே, தண்ணீருக்குள் நீளும்படி வையுங்கள். எந்தப் பக்கம் மணல் சேரும், எந்தப் பக்கம் கரையும்? எழுதிவிட்டுப் பலகையை அசையுங்கள்.

இது நம் ஊரின் கதை. சோழகம் என்னும் தென்காற்று வீசும் மாதங்களில் அலைகள் தென்கிழக்கிலிருந்து வந்து, மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் போவது வடக்கே. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் கல் அணைகள் எழுந்தன. தென்பக்கம் மணல் தங்கிவிட்டது, வடபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. நகரத்தின் கடற்கரையை அலை தின்றது. வீதியைக் காக்கக் கல்லைக் கொட்டினோம். அதற்கும் வடக்கே உள்ள மீனவர் குப்பங்கள் வீடுகளையே இழந்தன. காந்தி சிலைக்குப் பக்கத்தில் மணலில் விளையாடியதை இங்கே இருக்கும் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருப்பீர்கள். ஏன் அது போயிற்று என்பதை ஒரு செங்கல்லை வைத்து அவர்களுக்குக் காட்டிவிடலாம். மீனவக் குடும்பங்களிலிருந்து வந்திருப்பவர்கள் அந்த மேசையில் கொஞ்சம் கூடுதல் நேரம் நில்லுங்கள். நீரோட்டத்தைப் பற்றி எங்கள் தன்னார்வலர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியும்.

அடுத்தது ஆரத்தி மேசை. இதைப் பாட்டிமார்களிடமே ஒப்படைத்திருக்கிறோம். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும், அது எல்லாருக்கும் தெரிந்ததே. அந்தச் சிவப்பு நீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் என்ன ஆகும்? இதை வீட்டில் செய்து பார்த்தவர்கள் குறைவு. அங்கே செய்து பாருங்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள், சுண்ணாம்பு போன்ற காரப் பொருளில் ஹைட்ரஜனை இழக்கிறது. உடனே அது உறிஞ்சும் ஒளி மாறி, நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. வேட்டியில் பட்ட சாம்பார்க் கறை சோப்பு போட்டதும் சிவப்பதும் இதனால்தான். மஞ்சளில் தோய்த்துக் காயவைத்த தாள் துண்டுகள் தருகிறோம். வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சலவைச் சோடா, தயிர், புளித்தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: சுண்ணாம்பைப் பெரியவர்கள் மட்டுமே எடுக்க வேண்டும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மாடியில் சோழி மேசை இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் பிற்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்தார். இங்கே அவருக்கு ஒரு தமிழ்க் கணியர், தரையில் சோழிகளை அடுக்கியும் நினைவில் வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லியும் 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. கிரகணத் தொடக்கத்தில் ஏறத்தாழ 4 நிமிடம்தான் பிசகு. முடிவில் பிசகு 50 நிமிடத்தை ஒட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெருமையை மட்டும் சொல்லி, பிசகை மறைத்தால் அது அறிவியல் ஆகாது.

அந்த மேசையில் கிரகணம் கணிக்கப் போவதில்லை, நிலா எப்போது எழும் என்று கணிக்கப் போகிறோம். பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் நிலா எழுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ இரண்டு நாழிகை தாமதம். நாழிகை என்பது 24 நிமிடம். பௌர்ணமிக்குப் பிறகு எத்தனை நாளோ அத்தனை முறை இரண்டிரண்டு சோழியாக வையுங்கள். கிடைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்ச் சரிபாருங்கள். கிழக்கே கடல் வைத்திருக்கும் ஊருக்கு இது எளிது.

இரவில் தொலைநோக்கி உண்டு. மேகம் மூடிவிட்டால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதைப் பார்ப்பதற்காக ஒரு பிரெஞ்சு வானியலாளர் இதே புதுச்சேரிக்கு வந்தார், பெயர் லெ ஜான்தீ. 1761இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியவில்லை, கப்பலிலேயே நின்றார். அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்தார். இங்கே வானாய்வகமும் அமைத்தார். 1769 ஜூனில் அந்த நாள் வந்தது. அந்தக் காலையில் மட்டும் மேகம் மறைத்தது, கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771இல் பிரான்சுக்குத் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக அங்கே முடிவு கட்டியிருந்தார்கள். மேகம் கலையும்வரை இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பகலில் மட்டும் எக்காரணம் கொண்டும் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள், வெறும் கண்ணாலும் பார்க்காதீர்கள்.

திருவிழா முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏப்ரல் 21ஐ ஒட்டிய நண்பகலில், சுமார் 12.10 மணிக்கு, புதுச்சேரியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நிற்கும் குச்சிக்கு நிழல் விழாது. டெல்லியில் அண்ணனோ மாமாவோ இருந்தால் இப்போதே தொலைபேசியில் சொல்லி வையுங்கள். ஒரு மீட்டர் குச்சி ஒன்று, வெயில் படும் மொட்டை மாடி ஒன்று, அவ்வளவு போதும். அதே நாளில் அங்கே உச்சிப்பொழுது சுமார் 12.20க்கு. அப்போது விழும் நிழல் 30 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அங்கே சூரியன் உச்சியிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணத்தை நிழலின் நீளத்திலிருந்து பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும், 17 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். பூமியின் வளைவில் அந்தக் கோணத்துக்கு இவ்வளவு தொலைவு என்றால், 360 டிகிரிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பெருக்கினால் பூமியின் சுற்றளவு கிடைத்துவிடும். கணக்குப் போடுவதற்கு முன்னால் வீட்டில் ஒவ்வொருவரும் ஓர் ஊகத்தை எழுதி வையுங்கள், கைப்பேசியில் தேடாமல். குச்சியை நேராக நிறுத்த ஒரு நூலும் சிறு கல்லும் வேண்டும். வெளியே போகும்போது வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள்.