விரைவில் விந்து வெளியேறுதல்: வைத்தியர் கேட்கும் முதற்கேள்வி

அவைத்தலைவர் அவர்களே, அரங்கில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் 'ஆண்களின் உடல்நலம்' என்று பொதுவாக அச்சிட்டிருந்தாலும், நான் பேச ஒப்புக்கொண்டது ஒரேயொரு விடயத்தைப் பற்றித்தான். உடலுறவின்போது, தான் விரும்பும் வேளைக்கு வெகுமுன்பே ஆணுக்கு விந்து வெளியேறிவிடுவதும், அதனால் கணவன் மனைவி இருவரும் படும் மனவருத்தமும், அதற்குரிய சிகிச்சையுமே அந்த விடயம். கொழும்பு வெள்ளவத்தையில் இப்படியொரு தலைப்புக்குப் பெண்களும் வந்து அமர்ந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. சிகிச்சையின் பாதிப் பங்கு அவர்களிடமும் இருக்கிறது.

இந்தக் குறையோடு வருபவர் அதை எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. முதுகுவலி என்பார், களைப்பு என்பார், 'பிரஷர்' பார்க்கச் சொல்வார், எழுந்து கதவருகே போன பிறகுதான் திரும்பி, "டொக்டர், சாதாரணமாக எத்தனை நிமிடம் இருக்கவேணும்?" என்று கேட்பார். அவரை மீண்டும் உட்காரச் சொல்லி வைத்தியர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இது எப்போதிலிருந்து?" என்பதுதான். நோயின் தன்மை, செய்ய வேண்டிய சோதனைகள், கொடுக்கத்தக்க மருந்து ஆகிய மூன்றும் பெரும்பாலும் அந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன.

ஆயினும் நிமிடக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை இங்கிருந்து போகவிட மாட்டீர்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வால்டிங்கரும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளில் 500 தம்பதிகளிடம் நிறுத்தற்கடிகாரம் கொடுத்து அளந்த முடிவுகளை 2005இல் வெளியிட்டார்கள். உட்செலுத்தியதிலிருந்து விந்து வெளியேறும்வரை சென்ற நேரத்தின் இடைநிலை அளவு 5.4 நிமிடம், மிகக் குறைந்த அளவு அரை நிமிடத்துக்குச் சற்று மேல், மிகக் கூடிய அளவு 44 நிமிடம். அரைமணி, முக்கால்மணி என்று தொலைபேசித் திரையில் பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் நீடிக்கும் தன்னை நோயாளி என்று எண்ணி வரும் இளைஞருக்கு இந்த எண்ணே பாதி மருந்து. மற்ற பாதி, அந்தப் படங்கள் வெட்டி ஒட்டப்பட்டவை என்பதை அவர் நம்புவது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். முதல் உடலுறவு தொடங்கி, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும், ஒரு நிமிடத்துக்குள்ளோ உட்செலுத்தும் முன்னரோ விந்து வெளியேறிவிடுகிறது, அடக்க முடியவில்லை, அது மனத்தை வருத்துகிறது என்றால், அது வாழ்நாள் வகை. மூளையில் விந்து வெளியேற்றத்தைத் தாமதிக்கச் செய்யும் செரோட்டோனின் என்னும் இரசாயனத்தின் செயற்பாட்டோடு இதற்குத் தொடர்பு உண்டு. சிலருக்குப் பரம்பரைக் கூறும் இருக்கலாம். சுயஇன்பத்தால் வந்த வினை என்று பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டியிருப்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. பல துளி இரத்தம் சேர்ந்தே ஒரு துளி விந்து ஆகிறது என்று நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை, எத்தனையோ ஆரோக்கியமான இளைஞர்களைத் தேவையற்ற பயத்துக்குள் தள்ளியிருக்கிறது. அந்தப் பயமே பின்னர் விந்தை முந்தச் செய்கிறது என்பதுதான் இதில் கொடுமை.

பத்து ஆண்டுகள் குறையேதுமின்றி வாழ்ந்த ஒருவருக்கு, கடந்த சில மாதங்களாக நேரம் மூன்று நிமிடத்துக்குள் சுருங்கிவிட்டது என்றால், அது இடையில் வந்த வகை. இங்கே வைத்தியர் துப்பறிய வேண்டும். தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறதா? படபடப்பு, மெலிவு, கைநடுக்கம் இருந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். அதற்குச் சிகிச்சையளித்ததும் இந்தக் குறையும் பலருக்குத் தணிந்துவிடுகிறது. சிறுநீர் கழிக்கையில் எரிவோ அடிவயிற்றில் வலியோ இருந்தால் புரொஸ்டேட் சுரப்பியின் அழற்சியைத் தேட வேண்டும். நம்மவரிடையே மிகுதியாக உள்ள நீரிழிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீரிழிவால் விறைப்பு நிலைக்காமல் போகத் தொடங்கும்போது, அது தளர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆண் அவசரப்படுகிறான். அந்த அவசரம் பழக்கமாகிவிடுகிறது. அவர் வந்து சொல்வதோ 'சீக்கிரம் வந்துவிடுகிறது' என்பது மட்டுமே. அத்தகையவருக்கு முதலில் விறைப்புக்குறைவையும் சர்க்கரையையும் கவனிக்காமல், விந்தைத் தாமதிக்கும் மருந்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

மூன்றாவது வகையினருக்கு எப்போதாவது மட்டும் இப்படி நேரும். கட்டாரிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வருபவர், முதல் சில நாட்களில் விரைந்துவிடுவது இயல்பு. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீட்டிலோ, வெள்ளவத்தையில் பலகை தடுத்த அனெக்ஸிலோ, மறுபக்கம் பெற்றோர் படுத்திருக்க, சத்தம் கேட்டுவிடுமோ என்று அஞ்சும் தம்பதிகளுக்கும் அப்படித்தான். இவர்களுக்குக் குளிகை வேண்டியதில்லை. ஆறுதலும் கொஞ்சம் தனிமையும் வேண்டும். பின்னதை எந்த மருந்தகத்திலும் வாங்க முடியாது என்பதையும் நான் அறிவேன்.

சிகிச்சைக்கு வருவோம். ஜேம்ஸ் சீமன்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் 1956இல் எழுதிய 'நிறுத்தித் தொடரும்' முறை இன்றும் பயிற்றுவிக்கப்படுகிறது: உணர்ச்சி உச்சத்தை நெருங்கும்போது தூண்டலை நிறுத்தி, அது தணிந்ததும் தொடர்வது. இதைப் பழக வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், மனைவியின் ஒத்துழைப்பும் வேண்டும். சிறுநீரை இடையில் நிறுத்தப் பயன்படும் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியும் சிலருக்கு உதவுகிறது.

லிடொகெய்ன் கலந்த களிம்பு அல்லது தெளிப்பு, குறியின் உணர்ச்சியைக் குறைக்கும். வைத்தியர் சொன்ன நேரத்துக்கு முன்பு பூசி, உறவுக்கு முன் கழுவித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆணுறை அணிய வேண்டும். தவறினால் மரத்துப்போவது மனைவிக்கும் நேரும். டப்பொக்செட்டீன் என்னும் குளிகை, உறவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பு எடுப்பது. மனச்சோர்வுக்கென ஆராயப்பட்டு, உடலிலிருந்து மிக விரைவாக நீங்கிவிடுவதால் அதற்குப் பொருந்தாமற்போன அந்த மருந்து, அதே காரணத்தால் இதற்குப் பொருந்தியது. 2009இல் ஐரோப்பிய நாடுகள் சில முதலில் அனுமதித்தன, அமெரிக்கா அனுமதிக்கவில்லை. குமட்டல், தலைச்சுற்று, எழுந்து நிற்கையில் மயக்கம் ஆகியன வரலாம். மதுவோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். பரொக்செட்டீன், சேர்ட்ரலீன் போன்ற மனச்சோர்வு மருந்துகளை நாள்தோறும் குறைந்த அளவில் எடுப்பது இன்னும் வலுவான வழி. பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும், திடீரென நிறுத்தக் கூடாது. வாழ்நாள் வகையினருக்கு மருந்தை விட்டதும் குறை பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதை முதல்நாளே வைத்தியர் சொல்லிவிட வேண்டும். நண்பர் கொடுத்தார் என்று ட்ரமடோல் எடுப்பவர்களைக் காண்கிறோம். அது அடிமையாக்கும் வலிநிவாரணி, இதற்குரிய மருந்து அன்று. 'மூலிகை' என்ற பெயரில் தபாலில் வரும் பொதிகளிலும் எச்சரிக்கை தேவை. அத்தகைய பல தயாரிப்புகளில் விறைப்புக்குறைவுக்கான சில்டெனஃபில் என்னும் மருந்து இரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மீண்டும் மீண்டும் கண்டறிந்திருக்கிறது; நெஞ்சுவலிக்கு நைட்ரேற் எடுப்பவருக்கு அந்தக் கலவை உயிராபத்து.

கொழும்பில் எங்கே போவது? உங்கள் குடும்ப வைத்தியரிடமே தொடங்கலாம். தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் கட்டணமின்றிக் காட்டி, தேவையான நிபுணருக்குக் கடிதம் பெறலாம். 1953 முதல் இயங்கும் குடும்பத் திட்டமிடல் சங்கத்தில் ஆலோசனையும் கிடைக்கும். மொழிச் சிக்கல் உண்மையானது: சிங்களம் தெரியாதவர் மொழிபெயர்க்கத் தம்பியை அழைத்து வந்தால், தம்பியின் முன்னால் இதைச் சொல்லமாட்டார். சனல் பண்ணும்போதே, அதாவது நிபுணரைப் பார்க்க முன்பதிவு செய்யும்போதே, தமிழ் பேசும் வைத்தியர் வேண்டும் என்று கேளுங்கள். இல்லையெனில் எப்போதிலிருந்து, ஒவ்வொரு முறையுமா, விறைப்பு நிற்கிறதா, என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பவற்றை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதுவித்துக் கொண்டுபோய் நீட்டுங்கள். கதவருகே நின்று சொல்வதைவிட அது எளிது.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உட்செலுத்தும் முன்னரே விந்து வெளியேறிவிடுவதால் கருத்தரிக்காமல் இருப்பவர்கள், அதைமட்டும் மறைத்துவிட்டு ஸ்கேன், ஹோர்மோன் சோதனை என்று மனைவியை அலைக்கழிக்க விடுகிறார்கள். பழி அவள்மேல் விழுகிறது. உண்மையைச் சொன்னால், விந்தைச் சேகரித்துக் கருப்பைக்குள் செலுத்தும் எளிய வழியே சிலருக்குப் போதும். ஆனால் நாள்தோறும் எடுக்கும் குளிகைகள் சிலருக்கு விந்தணுவைப் பாதிக்கக்கூடும் என்பதால், குழந்தை வேண்டும் என்பதையும் மருந்து எழுதும் முன் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.